பச்சையாகக் கக்கும் பச்சிளங்குழந்தை: இது குடலேற்றமா, குடல் முறுக்கமா?

கேள்வி
2022 செப்டம்பர் 11, இரவு 9.40

என் அக்கா மகள் பிறந்து பத்து நாள் ஆகிறது. நேற்றிலிருந்து பாலைக் கக்கிக்கொண்டே இருக்கிறாள். இன்று மாலை கக்கியது பச்சையாக இருந்தது. வயிறு உப்பவில்லை, மெத்தென்றுதான் இருக்கிறது. காலையில் மலமும் போனாள். பக்கத்துத் தெரு அம்மா வந்து பார்த்துவிட்டு, "குடலேற்றம், காலையில் எண்ணெய் தடவித் தட்டிவிட்டால் சரியாகும்" என்கிறார். குடல் முறுக்கம் என்று ஒன்று படித்தேன். இரண்டும் ஒன்றா? காலை வரை பொறுக்கலாமா?

2022 செப்டம்பர் 11, இரவு 9.52

பொறுக்காதீர்கள். இப்போதே கிளம்புங்கள். இரண்டும் ஒன்றல்ல: குடலேற்றம் என்பது குழந்தையின் வாந்திக்கு ஊரில் சொல்லும் பெயர்; குடல் முறுக்கம் என்பது குடலே சுற்றிக்கொண்டு அதன் இரத்த ஓட்டம் நெரிபடுவது. பச்சிளங்குழந்தை பச்சையாகக் கக்கினால், முறுக்கம் இல்லை என்று ஒரு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துச் சொல்லும்வரை அது முறுக்கம்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். வயிறு மெத்தென்று இருப்பதையும் மலம் போனதையும் நம்பி உட்காராதீர்கள். என் மகனுக்கும் இரண்டும் அப்படியேதான் இருந்தன.

பக்கத்து கிளினிக் போதாது. குழந்தைகளுக்கு அறுவை செய்யும் மருத்துவர் இருக்கிற இடம் வேண்டும். மாவட்டத் தலைநகரின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் நேராக அங்கே.

2022 செப்டம்பர் 11, இரவு 9.58

விட்டுப்போனவை. இனிப் பால் கொடுக்க வேண்டாம். ஓமத்தண்ணீர், வசம்பு, கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். வயிற்றில் கை வைத்துத் தடவவோ தலைகீழாகப் பிடிக்கவோ யாரையும் விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடும்போது குழந்தைக்குப் பத்து நாள்தான் ஆகிறது என்பதை முதலில் சொல்லுங்கள். பச்சிளங்குழந்தைகளுக்கென்று தனி வண்டி இருக்கிறது. கக்கின துணியைத் துவைக்காமல் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் "பித்தமாகக் கக்குகிறாள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "பச்சை" என்ற சொல்லைச் சொல்லுங்கள்.

2022 செப்டம்பர் 12, காலை 5.10

தூக்கம் வரவில்லை. அவர்கள் மதுரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக ஒரு வரி வந்தது, அதற்குப் பிறகு செய்தி இல்லை. "பித்தம்" என்று ஏன் சொல்லக்கூடாது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு என் கதையைச் சொல்லியாக வேண்டும்.

2018-இல், அருப்புக்கோட்டைப் பக்கம் என் அம்மா வீட்டில் இருந்தேன். மகனுக்குப் பதினோராம் நாள். மாலை ஆறு மணிக்குக் கக்கினான். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டில் முருங்கைக்கீரையைக் கசக்கிப் பிழிந்ததுபோல் ஒரு கறை. என் அம்மாச்சி எட்டிப் பார்த்து, "பித்தம் கக்குது பிள்ளை, வெளியே வந்தால் நல்லதுதான்" என்றார். நம் வீடுகளில் பித்தம் என்ற சொல்லுக்கு அவ்வளவுதான் கனம். வெயிலில் போனால் பித்தம், காப்பி குடித்தால் பித்தம். மஞ்சளாகக் கசந்து வருவது பித்தம். நானும் அதே சொல்லைத் தொலைபேசியில் மருத்துவரிடம் சொன்னேன்: "பித்தமாகக் கக்கினான்." அவர் மஞ்சள் என்று எடுத்துக்கொண்டார். பால் கொடுத்துத் தோளில் போட்டுத் தட்டுங்கள் என்றார். இரவு முழுவதும் அதைச் செய்தேன்.

காலையில் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். நண்பகலில் அவன் அழுவதை நிறுத்தினான். உதட்டைச் சுற்றிச் சாம்பல் நிறம். அதற்குப் பிறகுதான் வண்டி பிடித்து மதுரைக்கு ஓடினோம். முதல் கறையிலிருந்து அறுவை அரங்கின் கதவு வரை இருபது மணி நேரம்.

அந்த ஒரு சொல்லால் இழந்த நேரம் அது. அம்மாச்சி அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன்.

2022 செப்டம்பர் 12, நண்பகல்

இன்னும் செய்தி இல்லை. காத்திருக்கும் நேரத்தில், குடல் எப்படி முறுக்கிக்கொள்ளும் என்று கேட்டவருக்கு எழுதுகிறேன். பின்னாளில் அறுவை மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டு எனக்கு விளக்கினார்.

கருவின் ஆறாவது வாரத்தை ஒட்டிக் குடல் வேகமாக வளர்கிறது. அதற்கு வயிற்றில் இடம் போதாது. அதனால் தொப்புள்கொடிக்குள் புடைத்து வெளியே போய்விடுகிறது. சுமார் பத்தாவது வாரத்தில் திரும்ப உள்ளே வருகிறது. போய் வரும் வழியில் தனக்கு இரத்தம் தரும் தமனியை அச்சாக வைத்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 270 பாகை, அதாவது முக்கால் சுற்று, சுற்றி வந்து அமர்கிறது. சிறுகுடலின் தொடக்கம் முதுகெலும்புக்கு இடப்பக்கம் மேலே, அதன் முடிவு வலப்பக்கம் கீழே என்று இரு முனைகளும் முதுகுச் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றன. நடுவே நீண்ட, அகலமான பிடிமானம். கொடியில் புடவையை விரித்து இரண்டு ஓரத்திலும் கிளிப் போட்டதுபோல. காற்றில் ஆடும், ஆனால் சுருண்டுகொள்ளாது.

சில குழந்தைகளுக்கு இந்தச் சுற்று பாதியில் நின்றுவிடுகிறது. இரண்டு முனைகளும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்துவிடும். அதே புடவையை ஒரே கிளிப்பில் தொங்கவிட்டதுபோல் ஆகிவிடும். அது எப்போது வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளலாம். பெரும்பாலும் கடிகாரத் திசையில் சுற்றும். சுற்றினால் குழாய் மட்டும் அடைபடுவதில்லை. குடலின் பெரும்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளமே நெரிபடுகிறது. சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கிவிடும்.

ஏன் பச்சை? பித்தநீர் இரைப்பைக்கு அடுத்துள்ள முன்சிறுகுடலில் வந்து சேர்கிறது. அடைப்பு அதற்குக் கீழே இருந்தால், பித்தநீர் போக வழியில்லாமல் மேலே வருகிறது. வயிறு ஏன் உப்புவதில்லை? அடைப்பு மிக மேலே இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள குடல் வெறுமையாகக் கிடக்கிறது. அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்த மலம் வெளியே போவதை எதுவும் தடுப்பதில்லை. வயிறு உப்பி, மலத்தில் இரத்தம் வரும்போது குடல் சாகத் தொடங்கியிருக்கும். குழந்தை பார்க்க நன்றாக இருக்கிற அந்தச் சில மணி நேரம்தான் காப்பாற்றக்கூடிய நேரம்.

2022 செப்டம்பர் 12, மாலை 6.30

தனிச்செய்தியில் ஒருவருக்கு எழுதும்போது, "ஸ்கேனில் சுழல் தெரியவில்லை என்றால் பயமில்லை" என்று சொல்லியிருந்தேன். அது தவறு. குழந்தைகள் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் பொறுமையாகத் திருத்தினார். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் நாளங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நீர்ச்சுழிபோல் தெரிந்தால், அது முறுக்கத்துக்கு உறுதியான அடையாளம். தமனிக்கு வலப்பக்கம் இருக்கவேண்டிய சிரை இடப்பக்கம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் இவை தெரியாததை வைத்து முறுக்கம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. வாயுவோ அனுபவக் குறைவோ எதுவும் மறைக்கலாம். சந்தேகம் மிச்சமிருந்தால், மூக்குக் குழாய் வழியாக மருந்துச் சாயம் செலுத்திப் படம் எடுப்பார்கள். சாயம் முதுகெலும்பைத் தாண்டி இடப்பக்கம் ஏறி வளைகிறதா என்று பார்ப்பார்கள். வளையாமல் வலப்பக்கமே இறங்கினால் குடலின் அமைப்பே பிறழ்ந்திருக்கிறது. தக்கைத் திருகிபோல் சுருண்டு இறங்கினால் முறுக்கியே இருக்கிறது. சாதாரண எக்ஸ்ரே முற்றிலும் இயல்பாக இருக்கலாம். என் மகனுக்கு அப்படித்தான் இருந்தது.

குழந்தை துவண்டு, வயிறு விறைத்து, இரத்த அழுத்தம் இறங்கியிருந்தால் எந்தப் படத்துக்கும் நிற்காமல் நேராக அரங்குக்குக் கொண்டுபோவார்கள். இதையும் அவர்தான் சொன்னார்.

2022 செப்டம்பர் 13, காலை 8.05

செய்தி வந்துவிட்டது. அந்தக் குழந்தைக்கு முறுக்கம் இல்லை. நள்ளிரவிலேயே சாயப் படம் எடுத்திருக்கிறார்கள். குடல் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. இரத்தத்தில் கிருமித் தொற்று. அதனால் குடல் அசைவு குறைந்திருக்கிறது. ஊசி மருந்து போகிறது. ஒருவாறு மூச்சு வந்தது எனக்கு.

2022 செப்டம்பர் 14, இரவு 10.15

"ஒன்றுமில்லாததற்கு ஒரு பச்சை உடம்புக்காரியை நடுராத்திரியில் அலைக்கழித்துவிட்டீர்களே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபம் வந்தது. ஒரு நாள் ஆறப்போட்டு எழுதுகிறேன்.

ஒன்றுமில்லை என்பது முதலில் சரியல்ல. பத்து நாள் குழந்தைக்கு இரத்தத்தில் தொற்று என்பது உயிருக்கு ஆபத்தானது. காலை வரை பொறுத்துத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதக்கூட மனமில்லை.

ஆனால் அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். பச்சையாகக் கக்கும் குழந்தைகளில் பலருக்குக் கடைசியில் அறுவை தேவைப்படுவதில்லை. "பச்சை என்றால் முறுக்கம்" என்று நான் எழுதிய தொனி மற்ற தாய்மார்களைக் கலங்கடித்திருக்கலாம். என்றாலும் முறுக்கம் இருக்கிற குழந்தையையும் இல்லாத குழந்தையையும் வீட்டில் வைத்துப் பிரித்தறிய ஒரு வழியும் இல்லை. பத்துக் குழந்தைகள் வீணாக மதுரைக்குப் போய்த் திரும்பட்டும். நான் மறுபடியும் அதே பதிலைத்தான் எழுதுவேன்.

2022 செப்டம்பர் 16, பிற்பகல் 3.00

12-ஆம் தேதி எழுதியதை இன்று மறுபடி படித்தேன். அம்மாச்சியைப் பற்றி எழுதிய கடைசி வரி நியாயமில்லை. அழித்துவிடலாம், ஆனால் அது அங்கே இருக்கட்டும்; திருத்தத்தை இங்கே எழுதுகிறேன்.

மதுரையில் அவசரப் பிரிவில் நான் மறுபடியும் "பித்தமாக" என்றுதான் ஆரம்பித்தேன். எத்தனை முறை, எவ்வளவு, எப்போது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்போது அம்மாச்சி தன் மஞ்சள் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மேசைமேல் விரித்தார். யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. இரவில் துவைக்கப் போன என் அம்மாவைத் தடுத்து, "இருக்கட்டும், இந்த நிறம் எனக்குப் பிடிக்கவில்லை" என்று மடித்து வைத்திருக்கிறார். அறுவைப் பயிற்சி மருத்துவர் ஒருவர் அந்தக் கறையைப் பார்த்தார். எழுதுவதை நிறுத்திவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் மகன் அரங்கில் இருந்தான்.

பித்தம் என்று சொன்னவரும் அவர்தான், அந்த நிறத்தைச் சும்மா விடாதவரும் அவர்தான். ஒன்பது பிள்ளைகள் பெற்று இரண்டைப் பச்சிளம் பருவத்தில் பறிகொடுத்தவர். அந்த இரண்டும் எதனால் போயின என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

மருத்துவத்தில் பித்த வாந்தி என்றால் பச்சைதான். நம் பேச்சில் பித்தம் என்றால் மஞ்சள். பிரிட்டனில் பெற்றோரிடமும் குடும்ப மருத்துவர்களிடமும் நிற அட்டையைக் காட்டி, பித்தநீர் எந்த நிறம் என்று கேட்ட ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. அங்கேயும் பலர் மஞ்சளைத்தான் காட்டினார்கள். அதைப் படித்தபோது அம்மாச்சிமேல் இருந்த மனத்தாங்கல் கரைந்துவிட்டது.

2022 செப்டம்பர் 20, இரவு 9.00

அறுவையைப் பற்றிக் கேட்ட திருச்சி நண்பருக்கு.

முதலில் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய். தேங்கியதை அது வெளியே எடுக்கும். நாளத்தில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிலிட்டர் உப்பு நீர், தேவைப்பட்டால் திரும்பவும். கிருமிக்கொல்லி ஊசி. இவை நடக்கும்போதே அரங்கு தயாராகிறது. இவை முடியட்டும் என்று அறுவை காத்திருப்பதில்லை.

உள்ளே குடலை வெளியே எடுத்துக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி அவிழ்க்கிறார்கள். என் மகனுக்கு இரண்டு முழுச் சுற்று. பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் மூடிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அப்போது செய்வதற்கு வேறு எதுவும் இல்லை என்றார் மருத்துவர். குடல் கறுப்பிலிருந்து கருநீலத்துக்கும், அதிலிருந்து இளஞ்சிவப்புக்கும் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மாறியது, ஒரு பகுதியைத் தவிர. சந்தேகமான அந்தப் பகுதியை அன்றே வெட்டவில்லை. வயிற்றை மூடி, ஒன்றரை நாள் கழித்து மறுபடி திறந்து பார்த்தார்கள். முதல் நாளே வெட்டியிருந்தால் கூடுதலாகப் போயிருக்கும். இரண்டாம் முறையில் 22 சென்டிமீட்டர் மட்டும் எடுத்து இணைத்தார்கள். நிறைமாதக் குழந்தைக்குச் சிறுகுடல் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் இருக்கும் என்பதால் தப்பினோம்.

இந்த அறுவைக்கு லாட் அறுவை என்று பெயர். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த வில்லியம் லாட் 1936-இல் விவரித்தது. முன்சிறுகுடலின் குறுக்கே இறுக்கும் பட்டைகளை வெட்டி, குறுகிய பிடிமானத்தை விரித்துவிடுகிறார்கள். எனக்கு நெடுநாள் ஒரு தவறான எண்ணம் இருந்தது: குடலை எல்லோருக்கும் இருப்பதுபோல் சரியான இடத்தில் வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று. இல்லை. சிறுகுடல் முழுவதையும் வலப்பக்கமும், பெருங்குடலை இடப்பக்கமும் வைக்கிறார்கள். சுற்று பாதியில் நின்ற நிலைக்குத்தான் திருப்பி, பிடிமானத்தை மட்டும் அகலமாக்குகிறார்கள். அதனால் குடல்வால் இடப்பக்கம் வந்துவிடும். பிற்காலத்தில் அது வீங்கினால் யாருக்கும் சந்தேகமே வராது என்பதால் அதையும் எடுத்துவிடுவது வழக்கம்.

2022 செப்டம்பர் 20, இரவு 11.30

அந்த நாட்களில் எனக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். அவனுக்கு ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக்கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீச்சி, தேதி எழுதி, குளிர்பெட்டியில் வைத்தேன். மூக்குக் குழாயின் பையில் சேரும் நீரை நர்ஸ் தினமும் அளப்பார். முதல் நாள் கரும்பச்சை. அது வெளிறி, பிறகு தெளிந்து, குறைய வேண்டும், அப்போதுதான் பால். எட்டாம் நாள் ஐந்து மில்லிலிட்டர் கொடுத்தார்கள். அவன் அதைக் கக்கவில்லை. இந்த நிலையில் இருக்கிற தாய்மார்கள் பாலை விட்டுவிடாதீர்கள், பீச்சிக்கொண்டே இருங்கள்.

2022 அக்டோபர் 2, காலை 7.20

எட்டு மாதக் குழந்தையைப் பற்றிக் கேட்டவருக்கு: நீங்கள் விவரிப்பது முறுக்கம் போல் இல்லை, குடல் செருகல் போல் இருக்கிறது. அதுவும் அவசரம்தான், கிளம்புங்கள். தொலைநோக்கியை மடக்குவதுபோல் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது செருகல். பெரும்பாலும் ஐந்து மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் வரும். திடீரென்று காலை மடக்கிக்கொண்டு வீறிடும், சில நிமிடத்தில் அடங்கும், சோர்ந்து கிடக்கும், மறுபடி வீறிடும். சளியோடு கலந்த சிவப்பு மலம் வருவதற்குக் காத்திருக்க வேண்டாம், அது தாமதமாக வருவது.

நல்ல செய்தி, செருகலைப் பெரும்பாலும் கத்தியில்லாமல் சரிசெய்கிறார்கள். ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்பு நீரையோ அளவான அழுத்தத்தில் செலுத்தி, உள்ளே போனதை வெளியே தள்ளுகிறார்கள். அப்படியும் சரியாகாவிட்டாலோ, குடலில் ஓட்டை விழுந்திருந்தாலோ, குழந்தை மிகத் துவண்டிருந்தாலோதான் அறுவை. முறுக்கத்துக்கு இந்த வழி கிடையாது.

2022 அக்டோபர் 4

அந்தக் குழந்தைக்குச் செருகல்தான். காற்று செலுத்திச் சரியானது. மறுநாளே திரும்ப வந்து, மறுபடி செலுத்தினார்களாம். சரிசெய்த பத்தில் ஒரு குழந்தைக்கு இப்படித் திரும்ப வருவது உண்டு. முதல் இரண்டு நாளிலேயே வருவதும் உண்டு.

2022 அக்டோபர் 9

குடல் தட்டுவதைப் பற்றி இங்கே பெரிய சண்டை நடந்துவிட்டது. தட்டுகிற பாட்டிகளைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெரும்பாலான குழந்தைகளின் வாந்தி தானாக நின்றுவிடும். தட்டியதால் நின்றது என்று ஊர் நம்புகிறது. அந்தக் கை தொட்டுச் சுகமானதாகத் தோன்றும் நூறு குழந்தைகளுக்கு நடுவே முறுக்கம் உள்ள ஒன்று வரும்போது, அதை அனுப்பிவைக்க அந்தப் பாட்டிக்குத் தெரிய வேண்டும். எங்கள் ஊரில் குடல் தட்டும் அம்மாவிடம் நானே போய்த் துண்டின் கதையைச் சொன்னேன். "பச்சையாகக் கக்கினால் என் கை படாது, நேரே மதுரை" என்று இப்போது அவரே சொல்கிறார். ஒரு கிராமத்தில் நூறு சுவரொட்டி செய்யாத வேலை அது.

2022 நவம்பர் 19

ஆறு வயதுப் பெண்ணுக்கு மாதம் ஒருமுறை வயிற்றுவலி, வாந்தி, எடை ஏறவில்லை, "பூச்சி" என்று மருந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று எழுதியவருக்கு. பிறழ்ந்த குடல் பச்சிளம் பருவத்தில்தான் முறுக்க வேண்டும் என்று இல்லை. பெரும்பாலோருக்கு முதல் மாதத்தில் வெளிப்படுகிறது. சிலருக்கு விட்டுவிட்டுச் சுற்றி, தானாக அவிழ்ந்து, பல ஆண்டு ஏமாற்றும். வாந்தியில் ஒருமுறையாவது பச்சை இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தால், சாயப் படம் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

2023 பிப்ரவரி 5, இரவு 8.45

குடலில் பெரும்பகுதியை எடுக்க நேர்ந்த குழந்தையின் தந்தை நேற்று எழுதினார். எனக்கு அந்த அனுபவம் இல்லை, ஆனால் ஐ.சி.யூ. வாசலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பம் அப்படி இருந்தது. நாளத்தின் வழியாகவே முழு உணவும் செலுத்தும் முறையால் குழந்தை வளர முடியும் என்று 1968-இல் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர் காட்டினார்கள். அதற்கு முன் இத்தகைய குழந்தைகளுக்கு வழியே இல்லை. மிஞ்சிய குடல் மெல்ல அகன்று பழகிக்கொள்ளும், அதற்கு மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகும். குழாயில் தொற்று வராமல் பார்ப்பதும் கல்லீரலைக் கவனிப்பதும்தான் அன்றாட வேலை. எத்தனை சென்டிமீட்டர் மிச்சம், சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்து வால்வு இருக்கிறதா என்ற இரண்டையும் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவர் பார்த்தாலும் முதலில் கேட்பது அவைதான்.

2023 ஜூன் 18, காலை 6.00

அறுவை முடிந்து வீடு திரும்பியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால். லாட் அறுவைக்குப் பிறகும் மறுபடி முறுக்குவது அரிதாக நடக்கும். தழும்பு ஒட்டிக்கொண்டு அடைப்பு வருவது அதைவிட அதிகம். ஆகவே அறுவை ஆகிவிட்டது என்று பச்சையை அலட்சியம் செய்யக் கூடாது. என் மகனுக்கு நான்கு வயதில், ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்ட பிறகு பச்சையாகக் கக்கினான். பந்தியிலிருந்து நேராக மதுரைக்குப் போனோம். ஒட்டுதல்தான்; குழாய் போட்டு இரண்டு நாள் வைத்ததில் தானாக விட்டது. அறுவைக் குறிப்பின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவன் பள்ளிப் பையில் வைத்திருக்கிறேன். "குடல்வால் எடுக்கப்பட்டது, சிறுகுடல் வலப்பக்கம்" என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். வகுப்பு ஆசிரியையிடமும் ஒரு நகல் இருக்கிறது.